செம்பனைப் பச்சை

மண்பாதை தார்ச்சாலையைத் தொடும் இடம்வரை ஒரு மோட்டார் சைக்கிள் என் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டி வந்தவன் என்னை அடிக்க வரவில்லை. அடி ஏற்கனவே முடிந்திருந்தது. நான் உண்மையாகவே தோட்டத்தை விட்டுப் போகிறேனா என்று பார்த்துவரச் சொல்லி அவனை அனுப்பியிருந்தார்கள். என் கால் தாரில் பட்டதும் அவன் மோட்டாரைத் திருப்பினான். திருப்புவதற்கு முன்னால் என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

தம்பின் டவுன் அங்கிருந்து நடக்கிற தூரம்தான், வெயில் இல்லாவிட்டால். அன்று வெயில் இருந்தது. கீழுதடு வீங்கி முகவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, தண்ணீர்ப் போத்தல். தூரிகைகள் இல்லை. பெயிண்ட் டின்கள் இல்லை. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு புத்தகப் பக்கமும் இல்லை. பக்கம் எரிந்துபோயிருந்தது, மற்றவை இறந்துபோன ஓர் அம்மாளின் வீட்டு வாசலில் கிடந்தன. அந்த அம்மாளின் முகத்தை நான் வரைந்திருந்தேன். கருமாதிக்கு வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னை அடித்தார்கள்.

நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். வரைவதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சிரம்பானில் கடைப் பெயர்ப்பலகை எழுதுகிற ஒருவரிடம் டின் கழுவினேன். அவர் என்னைத் திட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரோடு சண்டை. சி ரூசா பக்கம் போய்க் கடலோரச் சாப்பாட்டுக் கடைகளின் சுவரில் நண்டும் இறாலும் வரைந்தேன். உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் இறாலைத் தின்றுவிடும்; திரும்பக் கூப்பிடுவார்கள். அதுவும் அலுத்துப்போய்க் கிளம்பினேன். ஓர் இடத்தில் வேர்விட எனக்கு எப்போதும் முடிந்ததில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

செத்தவர்களின் முகங்களும் நிறைய வரைந்திருக்கிறேன். எங்கள் சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உயிரோடு இருக்கும்வரை ஒரு மனிதர் கறுப்பாக இருப்பார். செத்ததும் அவருக்கு நிறம் ஏறிவிடும். கருமாதியன்று மாலை போட்டு வைக்கிற படத்தில் அவர் ரோஸ் நிறத்தில் இருப்பார். போட்டோக் கடைக்காரனிடம் அதைச் சொல்லவே வேண்டாம், அவன் செய்கிற முதல் வேலையே அதுதான். கையால் வரைகிறவனிடமும் சொல்ல வேண்டாம். வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள் கலந்து ஒரு டின்னில் மூடி வைத்திருப்பேன். எந்த முகம் வந்தாலும் அதே டின். ஆயுசு முழுக்க வெயிலில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர், சாமி காலண்டரிலிருந்து இறங்கி வந்தவர்போலச் சுவரில் தொங்குவார். வந்தவர்கள் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்காருலா" என்று அழுவார்கள். அந்த அழுகையைக் கேட்டால் எனக்கு எரியும். ஆனால் எனக்குச் சோறு போட்டது அந்த டின்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு வரைந்தேன்.

அந்தப் புத்தகப் பக்கம் என் கைக்கு வந்தது மம்பா என்ற ஊரில். வீடு காலி செய்கிற லாரியில் கூலிக்குப் போயிருந்தேன். வயதானவர் யாரோ செத்து, பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். அலமாரிக்குள் ஒரு பெரிய ஆங்கிலப் படப்புத்தகம் இருந்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. பழைய பேப்பரோடு அதைப் போடச் சொன்னார்கள். போடுவதற்கு முன்னால் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டேன்.

அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். நெற்றியிலிருந்து மூக்கின் மேலாக முகவாய்வரை ஒரு பச்சைப் பட்டை. ஒரு பக்கக் கன்னம் மஞ்சளடித்துக் கிடந்தது, மறு பக்கம் ரோஸ். முடி நீலம். அச்சுக் கெட்டுப்போன பக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதனால்தான் கிழித்தேன். வேடிக்கைக்காக, கூலி ஆட்கள் சேர்ந்து தங்கும் கொங்சி வீட்டில் என் பாய்க்கு எதிரே ஒட்டி வைத்தேன். கூட இருந்தவர்கள், "என்னா இது, ஒங்க ஆளுக்கு மஞ்சக்காமாலையா?" என்று கேட்டார்கள்.

படுத்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தபோதுதான் அது வேறு மாதிரி ஆயிற்று. பச்சை பச்சையாக நிற்கவில்லை. அது நிழலாகி உள்ளே போயிற்று, அதனால் இரண்டு கன்னங்களும் முன்னால் வந்தன. எனக்குத் தெரிந்த வேலையில், முகத்துக்கு நிழல் வேண்டுமென்றால் அதே டின்னில் கொஞ்சம் கறுப்பைக் கலப்போம். இதை வரைந்தவன் நிழலுக்குக் கறுப்பைத் தேடவில்லை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு நிறத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த அம்மாள் என்னை முறைத்துப் பார்த்தாள். என் ரோஸ் டின்னில் செய்த எவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒரு தொல்லை பிடித்துக்கொண்டது. யார் முகத்தையும் ஒரே நிறமாகப் பார்க்க முடியவில்லை. காப்பிக் கடையில், பஸ் நிற்குமிடத்தில், எதிரே இருப்பவரின் தாடைக்கடியில் ஊதா தெரியும், காதோரம் சிவப்பு தெரியும். வெள்ளைத் தோல் அவ்வளவு நிறம் வாங்காது. கறுப்புத் தோல்தான் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். வானம் திறந்திருந்தால் நெற்றியில் நீலம், செம்மண் ரோட்டில் நின்றால் தாடையில் சிவப்பு. செம்பனைத் தோப்புக்குள் நுழைந்தால், மரத்தைப் பார்த்த பக்கம் பச்சை. வேலை செய்கிற எல்லாருக்கும் அப்படித்தான். அவர்கள் அதைப் பார்ப்பதில்லை. நானும் அதுவரை பார்த்ததில்லை.

தம்பினுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்துக்கு நான் போனது கோயில் வளைவுக்குச் சாயம் அடிக்க. கோயில் மண்டபத்தில் படுக்கை, நாளுக்கொரு வீட்டில் சாப்பாடு. நான் போய்ச் சேர்ந்த சமயத்தில்தான், பிறகு நான் வரைந்த அந்த அம்மாள் இறந்து அடக்கமாகியிருந்தார். மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தவர். முதுகில் மருந்துத் தோம்பை, அந்தப் பிளாஸ்டிக் டாங்கை, மாட்டிக்கொண்டு மரத்தடிப் புல்லைக் கருக்குகிற வேலை. சாப்பாடு வாங்கப் போகும் வீடுகளில் நான் கேட்காமலேயே, "நெஞ்சுவலி, பாவம்" என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு உடனே குழம்பு ஊற்றினார்கள். எல்லா வீட்டிலும் அதே வார்த்தை, அதே அவசரம். அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. செத்தவருக்கும் எனக்கும் என்ன?

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் அதே தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டினான், தாயோடு ஒரே வீட்டில் இருந்தவன். மகள் கட்டிக்கொண்டு போய்ச் சிரம்பானில் இருந்தாள். அவள்தான் மண்டபத்துக்கு என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, மொகம் வரைவீங்களா? சாமி மொகம் இல்ல. மனுச மொகம்."

"வரைவேன்."

அவள் ஒரு படத்தைப் பிரித்துக் காட்டினாள். அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைத் தம்பினில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். வழக்கம்போலவே ரோஸ். கண்ணுக்குக் கீழே வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது.

"இது யாருன்னு எனக்கே தெரியல. எங்கம்மா நல்ல கறுப்புண்ணே. கருகருன்னு இருப்பாங்க, பல்லு மட்டும் பளிச்சுன்னு. வேற படமே இல்ல. கேமராவக் கண்டா முந்தானையில மூஞ்சிய மூடிக்குவாங்க. என் புள்ளைங்க ரொம்பச் சின்னதுங்க. நாளைக்கு இந்த ரோஸு பொம்பளையத்தான் பாட்டின்னு கும்பிடும். எனக்கு அது வேணாம். எங்கம்மா எங்கம்மா கலர்ல இருக்கணும்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அழாமல் சொன்னாள். எனக்கு அவள் பேச்சுப் பிடித்துப்போயிற்று.

அவளோடு வீட்டுக்குப் போனபோது மகன் லாரிக்கடியிலிருந்து எழுந்து வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, தங்கையைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்: "பெயிண்டரு, கறுப்பா போட்டு நாலு பேரு முன்னால வச்சா சனங்க என்னா சொல்லும்? ஏற்கனவே..." அங்கே நிறுத்திக்கொண்டான். "செவப்பா போடு. மகராசி மாதிரி இருக்கணும்."

"மகராசி கறுப்பா இருக்கக்கூடாதா?" என்றாள் மகள்.

"நீ சிரம்பான்லேர்ந்து வந்து வாய் பேசாத. கூட இருந்து பாத்தவன் நானு."

"பாத்த லட்சணம்தான் தெரியுதே."

அவன் கையிலிருந்த ஸ்பேனரை லாரித் தட்டின்மேல் போட்டான். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில், வரைகிற செலவு அவளுடையது என்பதால் அவள் சொன்னதுதான் நடக்கும் என்றாயிற்று. அவன் துப்பிவிட்டு மறுபடி லாரிக்கடியில் புகுந்தான்.

மண்டபத்தில் அவளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் கீழே இருந்த ஆங்கிலத்தைப் படித்தாள், பிறகு கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். பிரெஞ்சுக்காரராம், நூறு வருடத்துக்கும் மேலே ஆகிறதாம். புது மாதிரி வரைய ஆரம்பித்த முதல் கூட்டத்தில் ஒருவராம். பெயரைச் சொன்னாள், எனக்கு வாயில் நிற்கவில்லை.

"இது அவரு சம்சாரம்ணே. அந்தக் கூட்டம் போட்ட படத்தையெல்லாம் சனங்க பாத்துட்டுச் சண்டைக்குப் போனாங்களாம், கேலி பண்ணாங்களாம்."

"அந்தம்மா என்னா சொல்லிச்சாம்?"

"அது இதுல போடலண்ணே." முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்கம்மாவா இருந்தா வெளக்குமாறு எடுத்திருக்கும்."

நான் அவள் தாயை உயிரோடு பார்த்ததில்லை. எலும்பு அமைப்பை அடையாள அட்டைப் படத்திலிருந்து எடுத்தேன். நிறத்துக்காக அவருடைய தங்கையை முகம் காட்டச் சொல்லிக் கேட்டேன். தங்கை உதிரிப்பழம் பொறுக்குகிறவர், அக்காள் மாதிரியே இருப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். செம்பனைக்கடியில் ஒரு கோணிமேல் அவரை உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தேன்.

"என்னாடா இப்படி மொறைக்கிற? என்னைப் பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்படிப் பாக்கல."

"அசையாதீங்க அத்தை."

"அசையாம இருக்க நான் என்னா செத்தா போயிட்டேன்?" சொன்ன பிறகு வாயில் கை வைத்துக்கொண்டார். கையை எடுத்ததும், "அவ நல்லவடா. வாய் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டா. அதான்" என்றார். எது அதான் என்று நான் கேட்கவில்லை. நான் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கன்னத்தில் எல்லாம் இருந்தது. மேலே, ஓலைகளுக்கு நடுவில் வானம் விழுந்த இடத்தில், நெற்றி மேடு நீலமாகப் பளபளத்தது. கீழே செம்மண்ணின் சூடு தாடைவரை ஏறியிருந்தது. மரத்தைப் பார்த்த பக்கம், கண்ணோரத்திலிருந்து வாயோரம்வரை, மெல்லிய பச்சை இறங்கியது. தோல் கறுப்பாக இருந்ததால் அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஒரு பலகையில் வரைந்தேன். எனக்குக் கிடைத்தது எனாமல் பெயிண்ட்தான், கதவுக்கும் கம்பிக்கும் அடிப்பது. முதலில் பழுப்பில் ஊதா கலந்து முகம் முழுவதையும் எழுப்பினேன். ரோஸ் டின்னைத் திறக்கவே இல்லை. அந்த நிலையில் மகள் வந்து பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றாள். "இதான் எங்கம்மா." பிறகு வெளியே போய்க் கோயில் குழாயில் முகம் கழுவிக்கொண்டாள்.

அவள் சிரம்பானுக்குத் திரும்பிய பிறகு மிச்சத்தை முடித்தேன். அது வரைக்கும் முகம் தட்டையாக இருந்தது, நல்ல கறுப்பு, ஆனால் எங்கேயும் நிற்காத கறுப்பு. நெற்றியில் நீலத்தை வைத்தேன், தாடையில் சிவப்பை வைத்தேன். கடைசியாக மஞ்சள் டின்னில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, ஒரு பச்சை எடுத்தேன். இளம் ஓலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் வருமே, அது. பக்கத்தில் ஓலையைப் பிடித்துப் பார்த்தே கலந்தேன். கண்ணோரத்திலிருந்து வாயோரம் வழியாக முகவாய்வரை ஒரே இழுப்பு. இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் தோப்புக்குள் நின்று, யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தார். அவ்வளவு சரியாக ஒரு முகம் என் கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

கருமாதியன்று வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். படத்தை நாற்காலிமேல் வைத்து வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பலகை இன்னும் முழுதாகக் காயவில்லை, துணி ஒட்டாமல் இருக்கக் குச்சி கொடுத்திருந்தேன். மகள் காலையில்தான் வந்தாள், சமையல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். சடங்கெல்லாம் முடிந்து படம் திறக்கும் நேரம் மகன் துணியை எடுத்தான். சூடம் தயாராக இருந்தது. இறந்தவரின் தங்கைக்காரி மாலையைக் கையில் வைத்திருந்தார்.

யாரும் அழவில்லை. அதுதான் முதலில் எனக்குத் தவறாகப் பட்டது. படம் திறந்தால் அழ வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஓர் ஆள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்:

"மருந்துக் கலருலா அது."

இதைத் தோட்டத்தில் இல்லாதவர்களுக்கு விளக்க வேண்டும். அப்போது அடித்துக்கொண்டிருந்த புல் மருந்து ஒன்று உண்டு. இப்போது அதைத் தடை செய்துவிட்டார்கள். யாரும் தண்ணீரென்று எடுத்துக் குடித்துவிடக்கூடாது என்று கம்பெனியே அதற்குச் சாயம் போட்டிருக்கும், பச்சையாக. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியும் முன்னால் அந்த நிறம் தெரியும். தொடாதே என்று அடித்துச் சொல்லி வளர்ப்பார்கள். தண்ணீரென்று நினைத்துக் குடித்தவர்கள் குறைவு. மருந்தென்று தெரிந்தே குடித்தவர்களைப் பற்றித்தான் அங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் பேசாமல் இருப்பார்கள். அப்படிப்பட்ட சாவு வீட்டில், 'நெஞ்சுவலி' என்று சொல்லிக் குழம்பு ஊற்றுவார்கள்.

அந்த வாயோரத்தில் நான் பச்சையை வழியவிட்டிருந்தேன். அவர்கள் கண்ணுக்கு அது ஓலை அல்ல.

தங்கைக்காரி மாலையைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ அக்கா, ஊருக்கே காட்டிட்டானே" என்று மாரில் அடித்துக்கொண்டார். உடனே எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். மகன் என் சட்டையைப் பிடித்தான்.

"எவன்டா ஒனக்குச் சொன்னது?"

"என்னா சொன்னது?"

முதல் குத்து அப்போது விழுந்தது. "எங்கம்மா வாயில மருந்த ஊத்தி வச்சிட்டு என்னா சொன்னதுங்கறியா? எவன்டா சொன்னது? சொல்லுடா நாயே!"

இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். யார் யார் என்று தெரியாது, கீழே கிடப்பவனுக்குச் செருப்புகள்தான் தெரியும். நான் திருப்பி அடித்தேன், ஒருவனுக்காவது நன்றாகப் பட்டது. யாரோ மண்டபத்துக்கு ஓடி என் சாமான்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதிலிருந்து மகன் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தான். பச்சைப் பட்டையோடு இருந்த வெள்ளைக்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இந்தக் கண்றாவியப் பாத்துதான் எங்கம்மாவக் கெடுத்தியா?" கிழித்துச் சடங்கு நெருப்பில் போட்டான். "இவ வீட்டுல இவள வச்சுக் கும்புடுவாங்களாடா? சொல்லுலா, கும்புடுவாங்களா?"

அது நியாயமான கேள்வி. அந்தப் பிரெஞ்சுக்காரன் தன் சம்சாரத்தை வரைந்தான், அந்த அம்மாள் உயிரோடு இருந்தாள், பிடிக்காவிட்டால் கணவனைத் திட்டியிருக்கலாம். யாரும் அவள் முன்னால் சூடம் கொளுத்தவில்லை. ஆனால் வாயில் ரத்தத்தோடு இதையெல்லாம் யாரிடம் பேசுவது? "செம்பனைடா அது, செம்பனை எலை" என்று மட்டும் சொன்னேன். இன்னொரு உதை விழுந்தது.

சத்தம் கேட்டுச் சமையல் பக்கத்திலிருந்து மகள் வந்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். இந்த முகத்தை வேண்டுமென்று கேட்டவள் அவள் ஒருத்திதான். கறுப்பு அப்படியே இருந்தது, அவள் கேட்ட கறுப்பு. அதைச் சொன்னால் போதும்.

அவள் கொட்டிக்கிடந்த என் சாமான்களில் குனிந்து பெயிண்டைக் கரைக்கிற தின்னர் போத்தலை எடுத்தாள். தோளில் கிடந்த கைத்துண்டை நனைத்தாள். நாற்காலி முன்னால் மண்டியிட்டு, தாயின் வாயோரத்தில் துடைக்க ஆரம்பித்தாள். சாப்பிட்ட பிள்ளைக்கு வாய் துடைக்கிற மாதிரி முதலில் மெதுவாகத் துடைத்தாள். பச்சை போகவில்லை, பரவியது. பிறகு அழுத்தித் துடைத்தாள். அவள் என் பக்கம் திரும்பாமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"யாருண்ணே சொன்னா உங்ககிட்ட?"

அது நெஞ்சுவலி இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகன் அடித்தபோதுகூட ஏதோ வீண்பழி என்று நினைத்தேன். அவள் குரலைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"யாரும் சொல்லல தங்கச்சி. ஓலையில பட்டு வர்ற வெளிச்சம். உங்க சின்னம்மா மொகத்துல பாத்தேன். எல்லாருக்கும் வரும். உனக்கும் வரும். தோப்புல போய் நின்னு பாரு."

"பொய் சொல்லாதீங்க." துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் அம்மா கலரத்தான் கேட்டேன். இதக் கேக்கல."

"இதுவும் அம்மா கலருதான்."

"போயிடுங்கண்ணே."

தின்னர் பச்சையோடு நிற்காது. அடியில் இருந்த பழுப்பும் கரைந்து வந்தது, தாடை வந்தது, ஒரு பக்கக் கன்னம் முழுவதும் வந்தது. பலகையின் மரம் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். கண்களும் நெற்றியும் மட்டும் மிச்சம் இருந்தன. மகன் உள்ளே போய் அந்த ரோஸ் படத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தான். மாலையைப் போட்டார்கள், சூடத்தைக் கொளுத்தினார்கள். அப்போதுதான் எல்லாரும் அழுதார்கள். "அப்படியே இருக்காங்க" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. மகள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாதி முகம் போன பலகையை மடியில் வைத்துக்கொண்டு கூடாரக் கம்பியோரம் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த துண்டு பழுப்பும் பச்சையுமாக இருந்தது.

நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். மற்றதை எடுக்க விடவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மோட்டார் பின்னால் வந்தது.

தம்பின் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மீன் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஐஸ் கொடுத்தார், காரணம் கேட்கவில்லை. ரயிலேறிப் போய்விடலாமா என்று யோசித்தேன். எங்கே போவது என்று தெரியாததால் நிலையத்துக்கு நடக்கவில்லை. சந்தைத் திண்டில் படுத்தேன்.

மறுநாள் காலை அங்கேயே ஒரு பிக்கப் வந்து நின்றது. பின்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னாலிருந்து ஒரு மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி, தலையை நீட்டினார்.

"வேலைக்கு வர்றியா? ஒரு ஆள் வரல."

"என்னா வேலை?"

"மருந்தடிக்கிறது. மூஞ்சி என்னா?"

"விழுந்துட்டேன்."

"விழுந்தவனெல்லாம் எங்கிட்டதான்யா வர்றானுங்க. ஏறு."

ஏறினேன். வேறு திசையில் வேறு தோட்டம், ஆனால் அதே செம்பனை. இறங்கியதும் ஆளுக்கொரு தோம்பு, கையுறை, வாயைக் கட்ட ஒரு துணி கொடுத்தார்கள். மண்டோர் கேனைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றினார். கோப்பையில் அது நின்றதைக் குனிந்து பார்த்தேன்.

நீலம். பச்சை என்று எல்லாரும் சொல்கிற அந்த மருந்தில் பாதிக்கு மேல் நீலம் இருந்தது. குளிர்ந்த, கெட்டியான நிறம். என் கட்டைவிரல் நகத்துக்கடியில் முந்தின நாளின் பச்சை இன்னும் காய்ந்து கிடந்தது. கோப்பைக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் மஞ்சள். கண் உள்ள எவனும் இரண்டையும் ஒன்று என்று சொல்ல முடியாது. தலையைத் தூக்கினேன். மண்டோருடைய கன்னத்தில், மரத்தைப் பார்த்த பக்கம், என் பச்சை இருந்தது.

அந்த மகளைக் கூட்டிவந்து இந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. அவள் வரமாட்டாள். வந்தாலும் இந்தக் கோப்பையைப் பார்க்க அவளால் முடியாது.

"என்னாய்யா நகத்தப் பாக்கற, சோசியமா? கைய எட்ட வை, அது மருந்து. கையொற போடு."

கையுறையைப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் ஊற்றி நிரப்பிய தோம்பை முதுகில் ஏற்றினார்கள். ரோட்டோர வரிசை எனக்கு என்றார்கள். அதிலிருந்து ஆரம்பித்தேன்.